ஆய்வு உதவியாளர் கார்டில் எடுத்த புத்தகத்துக்கு யார் பொறுப்பு? (சட்டக் கல்லூரி ஆசிரியர்களும் நூலக இரவலும்)

அடிக்குறிப்பு_43

சட்டம் நடத்துகிறேன். ஒரு சங்கடத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். தப்பு முக்கால்வாசி என்னுடையதுதான், அதனால் திட்ட வேண்டியவர்கள் திட்டிவிட்டு அப்படியே வழியும் சொல்லுங்கள்.

மூன்று வருடமாகத் தீர்ப்பாயங்கள் பற்றி ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு முதுகலை மாணவி ஆய்வு உதவியாளராக இருந்தார். நான் பட்டியல் எழுதிக் கொடுப்பேன், அவர் நூலகத்துக்குப் போய் எடுத்துவந்து என் மேசையில் வைத்துவிட்டுப் போவார். யார் கார்டில் எடுக்கிறார் என்று ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. என் கார்டு என் பர்ஸிலேயே இருந்தது, அதைப் பார்த்தாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

இப்போது அவருக்குப் படிப்பு முடிந்துவிட்டது, வேலையில் சேரச் சான்றிதழ் வேண்டும். நூலகத்தில் பாக்கி இல்லை என்று கையெழுத்து வாங்கப் போயிருக்கிறார், திரையில் அவர் பெயரில் 27 புத்தகம். எனக்கு நேற்று போன் செய்து, “சார், ஒரு சின்ன விஷயம்” என்றுதான் ஆரம்பித்தார். சின்ன விஷயமாம்.

ராத்திரி 9 மணி வரை அறையைக் குடைந்ததில் 22 கிடைத்தது. 5 காணோம். அந்த ஐந்தில் ஒன்று எங்கள் நூலகப் புத்தகமே இல்லை, வேறொரு பல்கலைக்கழகத்திலிருந்து இரவலாக வரவழைத்தது.

கவுன்ட்டரில், “கார்டு யாருடையதோ அவர்தான் பொறுப்பு” என்கிறார்கள். விதிப்படி சரிதான். ஆனால் அந்தப் பெண் ஒரு பக்கம்கூடத் தனக்காகப் படிக்கவில்லை. உங்கள் இடங்களில் இதை எப்படி வைத்திருக்கிறார்கள்? காணாமல் போனதைத் தேட என்ன வழி?

இஷ்யூ_கவுன்ட்டர்

18 வருடம் கவுன்ட்டரில் உட்கார்ந்தவன் சொல்கிறேன், 5 காணோம் என்றால் ஐந்தும் தொலைந்துவிட்டதாக அர்த்தமில்லை.

முதலில் கணக்கைத் தாளில் அச்சடித்து வாங்குங்கள், பார்கோடு எண்ணோடு. அதைக் கையில் வைத்துக்கொண்டு நூலக அலமாரிக்கே போங்கள், உங்கள் அறைக்கு இல்லை. ரிட்டர்ன் பெட்டியிலிருந்து எடுத்து, ஸ்கேன் ஆகாமலே அடுக்கப் போய்விட்ட புத்தகம் எல்லா நூலகத்திலும் உண்டு. ஆள் குறைவான நாளில் அவசரத்தில் நடக்கும். கணக்கில் உங்கள் பெயரில் நிற்கும், புத்தகம் பாட்டுக்கு அலமாரியில் நிம்மதியாக இருக்கும்.

அங்கேயும் இல்லையென்றால் எண் இடம் மாறியிருக்கிறதா பாருங்கள். உங்கள் நூலகம் டியூயி முறை (பொருள்வாரியாகப் புத்தகத்துக்கு எண் கொடுப்பது) என்றால் நிர்வாகச் சட்டம் 342.06. அடுக்குகிறவர் கண் 342-ஐ 324 என்று படித்தால் புத்தகம் தேர்தல், அரசியல் கட்சிகள் நடுவில் போய் உட்கார்ந்துவிடும். அதேபோல் 346 தனியார் சட்டம், 364-க்குப் போனால் குற்றவியல். 345 குற்றச் சட்டம், 354-க்குப் போனால் பொது நிர்வாகம். சட்டப் பிரிவு முழுக்க 340-களுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு இருப்பதால் இங்கே இது அடிக்கடி நடக்கிறது. இப்படி இடம் மாற்றிப் பார்த்தே நான் நிறையப் புத்தகம் கண்டுபிடித்திருக்கிறேன்.

இன்னொன்று, கவுன்ட்டரில் இருப்பவரிடம் சண்டை போடாதீர்கள். “திருப்பிக் கொடுத்துவிட்டதாகச் சொல்கிறார், தேடவும்” என்று அந்தப் பதிவில் குறிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான நூலக மென்பொருளில் அதற்கென்றே ஒரு நிலை உண்டு. அது போட்டால் பாக்கி ஏறாமல் நிற்கும், தேடுகிற பட்டியலிலும் வரும்.

கையில்_பட்டியல்

நான் இப்போது அந்த வேலையில்தான் இருக்கிறேன், ஒரு பேராசிரியருக்கு ஆய்வு உதவியாளர். இழையைப் பார்த்ததும் வயிறு கலங்கிவிட்டது.

“உங்கள் கார்டைக் கொடுங்கள் சார்” என்று கேட்க எங்களுக்கு வாய் வராது, அதுதான் விஷயம். அவர்களும் வேண்டுமென்று செய்வதில்லை, அவர்களுக்கு அது கண்ணிலேயே படாது. எங்கள் நூலகத்தில் ஆசிரியருக்கு ஒரு வருடம் வரை இரவல், எனக்கு இரண்டு வாரம். அதனால் அவருடைய புத்தகங்களை நான் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரினியூ செய்கிறேன், போனில் அலாரம் வைத்து. ஒருமுறை காய்ச்சலில் விட்டுப்போனதில் 9 புத்தகத்துக்குத் தாமதக் கட்டணம் ஏறியது. அவரிடம் சொல்லவில்லை, நானே கட்டினேன். போன தேர்வு சமயத்தில் எனக்காக ஒரே ஒரு புத்தகம் எடுக்கப் போனால் “உங்கள் எண்ணிக்கை முடிந்துவிட்டது” என்றார்கள். எல்லாம் அவருடைய புத்தகம்!

அப்புறம் துணிந்து சொன்னேன். அவர் தன் கார்டையே எடுத்துக் கொடுத்தார். கவுன்ட்டரில் படத்தைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், “இது நீங்கள் இல்லையே” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

அடிக்குறிப்பு_43

@கையில்_பட்டியல், அந்த 9 புத்தகப் பணத்தை உங்கள் பேராசிரியரிடம் கேட்டு வாங்குங்கள். அவர் இதைப் படித்தால் என்னைப் போலத்தான் தலையைக் குனிந்துகொள்வார்.

பக்க_எண்

சட்ட நூலகத்தில் ரெஃபரன்ஸ் பிரிவில் இருக்கிறேன். இந்தப் பிரச்சினைக்கு ஒரு பழைய, சலிப்பான தீர்வு இருக்கிறது. பதிலாள் இரவல். ப்ராக்ஸி என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள்.

ஆசிரியர் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போடுகிறார்: இன்னார் என் சார்பில் புத்தகம் எடுக்கலாம், எடுப்பது எல்லாம் என் கணக்கு, தொலைந்தாலும் கிழிந்தாலும் நான் பொறுப்பு. உதவியாளர் தன் கார்டையோ ப்ராக்ஸி கார்டையோ காட்டி எடுக்கிறார், இரவல் ஆசிரியர் பெயரில் விழுகிறது, ஆசிரியருக்கான தவணையும் எண்ணிக்கையும் அதற்குக் கிடைக்கின்றன. உதவியாளரின் சொந்தக் கணக்கு சுத்தமாக இருக்கும். எக்ஸ் லிப்ரிஸின் ஆல்மா மாதிரி மென்பொருளில் ஒருவரை இன்னொருவருக்குப் பதிலாள் என்று நேரடியாகவே பதியலாம். அந்த வசதி இல்லாத இடத்தில் ஆசிரியர் பெயரிலேயே இரண்டாவது கார்டு ஒன்று அச்சடித்து, மேலே உதவியாளர் பெயரை எழுதிக் கொடுக்கிறார்கள்.

இதில் நான் பார்த்தவரை இரண்டு இடத்தில் கோட்டை விடுகிறார்கள். முடிவுத் தேதி போடுவதில்லை. உதவியாளர் போய் இரண்டு வருடம் கழித்தும் அனுமதி உயிரோடு இருக்கும். அடுத்து, தவணை நினைவூட்டல் யாருக்குப் போகிறது என்று யாரும் யோசிப்பதில்லை. ஆசிரியருக்கு மட்டும் போனால் அவர் திறந்து பார்க்க மாட்டார் (மன்னிக்கவும், அனுபவம்). இரண்டு பேருக்கும் போக வேண்டும்.

மூன்றாம்_மாடி

ஆசிரியர்களை எல்லோரும் சேர்ந்து குத்துவதற்கு முன்னால் எங்கள் பக்கமும் கொஞ்சம் கேளுங்கள். என் அறையில் 90 நூலகப் புத்தகம் இருக்கிறது, எல்லாம் முறையாக என் பெயரில்தான், சிலது நான்கு வருடமாக. பதுக்கல் என்பார்கள்.

சட்டத்தில் எழுதுவது நாவல் எழுதுவது மாதிரி இல்லை. இன்று ஒரு அடிக்குறிப்பு எழுதுகிறேன், கட்டுரை ஏற்கப்பட்டு பதிப்பாசிரியர் ஒவ்வொரு அடிக்குறிப்பாகச் சரிபார்த்து, “இந்தப் பக்க எண் சரியா” என்று கேட்பது 14 மாதம் கழித்து. அப்போது அதே புத்தகம், அதே பதிப்பு என் கையில் இருக்க வேண்டும். புதிய பதிப்பில் பக்கம் மாறிவிடும், சில சமயம் அந்த வாக்கியமே இருக்காது. 1985-இல் ஒரு நீதிமன்றம் ஒரு ஆசிரியரின் கருத்தை மேற்கோள் காட்டுகிறது என்றால் அது அப்போதைய பதிப்பு. அதை நான் பார்க்கப் போகும்போது நூலகம் “பழைய பதிப்பு, யாரும் எடுப்பதில்லை” என்று கழித்துவிட்டிருக்கும். மருத்துவத்தில் பழைய பதிப்பு குப்பையாக இருக்கலாம். சட்டத்தில் அது சான்று. நான் வைத்திருப்பதால்தான் சிலது பிழைத்தே இருக்கிறது.

இஷ்யூ_கவுன்ட்டர்

@மூன்றாம்_மாடி, நீங்கள் சொல்வது நியாயம்தான் சார், வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் சண்டை வைத்திருப்பதைப் பற்றி இல்லை. வேறொருவர் கேட்டால் கொடுப்பீர்களா, அதுதான்.

வருடக்கணக்கில் இரவல் கொடுப்பதே “கேட்டால் திருப்பித் தர வேண்டும்” என்ற நிபந்தனையில்தான். ரீகால் என்று ஒரு கடிதம் வரும், அதற்குப் பிறகு குறிப்பிட்ட நாளுக்குள் வந்தாக வேண்டும். மாணவருக்கு ரீகால் போனால் மறுநாள் புத்தகம் வந்துவிடும். ஆசிரியருக்குப் போனால் பதில், “அடுத்த பருவத்தில் பார்க்கலாம்.” ஒருவர் எனக்கே எழுதினார், அந்த மாணவருக்கு அந்தப் புத்தகம் புரியாது, வேறு ஒன்றைப் படிக்கச் சொல்லுங்கள் என்று. நிஜமாக.

அபராதம் வேண்டாம் என்று பல நூலகங்கள் எடுத்துவிட்டன, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ரீகாலுக்கு மட்டும் ஏதாவது ஒரு பல் இருக்க வேண்டும். எங்களிடம் ரீகால் தாண்டினால் புதிதாக எதுவும் எடுக்க முடியாது, அவ்வளவுதான், காசு இல்லை. அதிலேயே பாதி சரியாகிவிட்டது.

மூன்றாம்_மாடி

சரி, ஒரு கேள்வி. யார் கேட்கிறார்கள் என்று சொல்லிவிட்டால் நானே அவரை அறைக்குக் கூப்பிட்டு வேண்டிய பக்கத்தைக் காட்டிவிடுவேனே? கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். அதேபோல் எனக்கு வேண்டிய புத்தகம் யாரிடம் இருக்கிறது என்றாலும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். இதில் என்ன ராணுவ ரகசியம்?

பக்க_எண்

சொல்லவே கூடாது சார். யார் எதைப் படிக்கிறார் என்பது அவருடைய சொந்த விஷயம், நூலகத் தொழிலில் இது அடிப்படை. சட்டத் துறையில் இன்னும் கூர்மை. ஒரு சக ஆசிரியர் விவாகரத்துச் சட்டமோ பணிநீக்க வழக்கோ படிக்கிறார் என்றால் அது ஆராய்ச்சியாக இருக்கலாம், சொந்தக் கஷ்டமாகவும் இருக்கலாம். கவுன்ட்டரில் இருந்து பெயர் வெளியே போனால் தாழ்வாரம் முழுக்கக் கதை. பக்கத்து அறைக்காரர் உங்கள் தலைப்பிலேயே எழுதுகிறார் என்பதும் இப்படித்தான் கசியும்.

புத்தகம் திரும்பி வந்ததும் யார் எடுத்தார் என்ற தொடர்பையே அழித்துவிடும்படி சில மென்பொருளை அமைத்துவைக்கலாம். கோஹா என்ற நூலக மென்பொருளில் வாசகரே தன் இரவல் வரலாறு எவ்வளவு காலம் இருக்கலாம் என்று தேர்வு செய்துகொள்ளும் அமைப்பு இருக்கிறது, நூலகம் அதைத் திறந்து வைத்தால்.

ப்ராக்ஸியில் இதற்கு ஒரு பக்கவிளைவு உண்டு. உதவியாளர் உங்கள் கணக்கில் இருப்பதைப் பார்க்க நேரிடலாம். சொந்த விஷயமாக எடுப்பதை அவரிடம் கொடுத்து அனுப்பாதீர்கள்.

சும்மா_படிப்பவன்

வேறு துறை, எட்டிப் பார்க்க வந்தேன். எல்லாம் மின்நூலாக வாங்கிவிட்டால் இந்தத் தலைவலியே இல்லையே? தொலையாது, கிழியாது, ரீகால் வேண்டாம்.

பக்க_எண்

வாங்க, நானும் ஒரு காலத்தில் அப்படி நினைத்தவள்தான்.

நூலகங்களுக்கு விற்கும் பல மின்நூல்கள் “ஒரு நேரத்தில் ஒரு வாசகர்” உரிமத்தில் வருகின்றன. ஆசிரியர் காலையில் திறந்து உலாவியை மூடாமல் வகுப்புக்குப் போய்விடுவார். அதே அத்தியாயத்துக்காக 40 மாணவர் வெளியே காத்திருப்பார்கள். தாளில் இருந்த பிரச்சினை அப்படியே திரைக்கு வந்திருக்கிறது. அச்சுப் புத்தகத்தை வாங்கினால் அது நம்முடையது, யாருக்கும் இரவல் தரலாம். மின்நூலுக்கு வாங்குவது பெரும்பாலும் உரிமம்தான், அதில் என்ன எழுதியிருக்கிறதோ அவ்வளவுதான். முழு மின்நூலை இன்னொரு நூலகத்துக்கு இரவல் தர அநேக உரிமங்களில் இடமில்லை, ஒரு அத்தியாயம் தரலாம் என்று சிலவற்றில் இருக்கும்.

சரி, நாமே வாங்கிய புத்தகத்தை ஸ்கேன் செய்து, அச்சுப் பிரதியைப் பூட்டி வைத்துவிட்டு, ஒருவருக்கு ஒருவராக இரவல் தந்தால் என்ன என்று இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகம் செய்து பார்த்தது. பதிப்பாளர்கள் வழக்குப் போட்டார்கள். 2023 மார்ச்சில் அமெரிக்க மாவட்ட நீதிமன்றமும் 2024 செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் பதிப்பாளர் பக்கமே தீர்ப்புச் சொல்லிவிட்டன.

தரவுத்தளக் கடவுச்சொல்லும் இதே கதைதான். லெக்சிஸ், வெஸ்ட்லா மாதிரி சட்டத் தரவுத்தளங்களில் ஆளுக்கு ஒரு கணக்கு. ஆசிரியர் தன் கடவுச்சொல்லை உதவியாளருக்குக் கொடுப்பது “என் பிள்ளைதானே” என்று தோன்றும், ஆனால் உரிமம் எடுத்தது நூலகம், மீறினால் கேள்வி வருவதும் நூலகத்துக்கு. கேட்டால் உதவியாளருக்கும் தனிக் கணக்கு வாங்க முடிகிறதா என்று பார்த்துச் சொல்வோம்.

கையில்_பட்டியல்

@பக்க_எண், அந்தக் கடவுச்சொல் விஷயம்… நான் ஒன்றும் சொல்லவில்லை. நாளைக்கு நூலகத்துக்குப் போய்க் கேட்கிறேன்.

இரவல்_மேசை

தாமதமாக வருகிறேன். என் வேலையே நூலகங்களுக்கிடையே இரவல் வாங்கித் தருவதுதான். @அடிக்குறிப்பு_43, உங்கள் ஐந்தில் மற்ற நான்கைப் பற்றி எனக்குக் கவலையில்லை, ஐந்தாவதுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது.

அது எப்படி வந்தது என்று கொஞ்சம் சொல்கிறேன். நீங்கள் கேட்டீர்கள், உங்கள் நூலகம் வேர்ல்ட்கேட் மாதிரி ஒரு கூட்டுப் பட்டியலில் யாரிடம் இருக்கிறது என்று பார்த்தது, வேண்டுகோள் அனுப்பியது, அவர்கள் தங்கள் அலமாரியிலிருந்து எடுத்துப் பொதி கட்டி அனுப்பினார்கள். அவர்களுக்கு உங்களைத் தெரியாது, உங்கள் மாணவியையும் தெரியாது. உங்கள் நூலகத்தை நம்பிக் கொடுத்தார்கள். திரும்பி வரவில்லை என்றால் பொறுப்பு நூலகத்துக்கு, அதோடு அடுத்த முறை வேறு எந்த ஆசிரியர் கேட்டாலும் அவர்கள் யோசிப்பார்கள். அதனால்தான் கவுன்ட்டரில் முகம் அப்படி இறுகிப்போகிறது.

உள்ளூர்ப் புத்தகத்துக்கான ஒரு வருடச் சலுகை இதற்கு இல்லை. கொடுத்த நூலகம் சொல்லும் தேதிதான் தேதி. நூலகத்துக்குள்ளேயே வைத்துப் படிக்கலாம், வெளியே எடுத்துப் போகக் கூடாது என்றுகூட நிபந்தனை போடுவார்கள். பாடப்புத்தகம், ரெஃபரன்ஸ், போன மாதம் வெளிவந்தது, இதையெல்லாம் பெரும்பாலும் தரவே மாட்டார்கள்.

இப்போது ஒரு கேள்வி: அந்தப் புத்தகத்தின் முன் அட்டையில் ஒரு காகிதப் பட்டை சுற்றியிருக்குமே, தவணைத் தேதியும் “இதைக் கழற்றாதீர்கள்” என்றும் எழுதி? அது எங்கே?

அடிக்குறிப்பு_43

இப்போதுதான் பார்த்தேன். பட்டை இருக்கிறது, வெளிர் பச்சை. மேசையில் வேறொரு புத்தகத்தில் 211-ஆம் பக்கத்தில் அடையாளத்துக்கு வைத்திருக்கிறேன். “கழற்றாதீர்கள்” என்பதன் மேலேயே பென்சிலால் ஒரு வழக்கின் பெயர் குறித்திருக்கிறேன், என் கையெழுத்துதான்.

இரவல்_மேசை

நல்ல சகுனம், சிரிக்காதீர்கள். பட்டை கழன்ற புத்தகத்தை யாரோ, நீங்களோ மாணவியோ, மற்றதோடு சேர்த்து ரிட்டர்ன் பெட்டியில் போட்டிருக்க வாய்ப்பு அதிகம். அங்கே எடுத்தவர் ஸ்கேன் செய்தால் கணினி “இப்படி ஒரு புத்தகம் நம்மிடம் இல்லை” என்று சொல்லும், ஏனென்றால் அது நம்முடையதே இல்லை. அப்போது என்ன செய்வார்கள்? உள்ளே ஒரு அலமாரியில் வைப்பார்கள். எல்லா நூலகத்திலும் பின்னறையில் அப்படி ஒன்று உண்டு. ஸ்டிக்கர் போனது, பார்கோடு கிழிந்தது, நன்கொடையா என்று தெரியாதது, எல்லாம் அங்கே. எங்களுக்குள் “அநாதை அலமாரி” என்போம்.

கவுன்ட்டரில் கேட்காதீர்கள், தொழில்நுட்பப் பிரிவு அல்லது பட்டியலாக்கப் பிரிவில் கேளுங்கள். முதல் பக்கத்தில் வேறு பல்கலைக்கழக முத்திரை உள்ள புத்தகம் என்று சொல்லுங்கள்.

மூன்றாம்_மாடி

@இரவல்_மேசை, நீங்கள் வந்ததால் கேட்கிறேன். ஒரு கட்டுரைக்காக வேறு ஊர் நூலகத்துக்கு எழுதிப் போட்டுக் காத்திருப்பது இந்தக் காலத்திலும் தேவையா? முழு இதழையும் ஸ்கேன் செய்து அனுப்பச் சொன்னால் “ஒரு கட்டுரைதான்” என்கிறீர்கள்.

இரவல்_மேசை

கட்டுரை இப்போது சீக்கிரம் வந்துவிடும் சார், புத்தகம்தான் பயணம் செய்ய வேண்டும். இதில் ஒரு சின்ன வரலாறு. 1997-இல் அமெரிக்காவில் கொலராடோ ஸ்டேட் பல்கலைக்கழக நூலகத்தில் வெள்ளம் புகுந்தது, ஏராளமான நூல்களும் இதழ்களும் நீரில் போயின. இல்லாத கட்டுரைகளை மற்ற நூலகங்களிடமிருந்து வேகமாக வாங்கியாக வேண்டும் என்ற நெருக்கடியில் அங்கிருந்த ஊழியர்கள் உருவாக்கியதுதான் ராபிட் என்ற முறை. யாரிடம் எந்த இதழ் எந்த வருடம் வரை இருக்கிறது என்பதை முன்கூட்டியே ஏற்றி வைத்துவிடுவதால் வேண்டுகோள் நேராகச் சரியான மேசைக்குப் போகும். இன்று அதைப் பல நூலகங்கள் பயன்படுத்துகின்றன.

முழு இதழ் தராததற்குக் காரணம் பதிப்புரிமை, எங்கள் சோம்பல் இல்லை. நாட்டுக்கு நாடு எல்லை வேறு. அமெரிக்காவில் 1978-இலிருந்து ஒரு வழிகாட்டு வரம்பு பழக்கத்தில் இருக்கிறது: ஒரு இதழின் கடைசி ஐந்து வருடக் கட்டுரைகளை ஒரு நூலகம் ஒரு வருடத்தில் ஐந்து முறைக்கு மேல் இரவலில் வாங்காமல் பார்த்துக்கொள்வது. அதற்கு மேல் தேவைப்பட்டால் சந்தா கட்டு என்பது எண்ணம். நீங்கள் சட்ட ஆசிரியர், இதை என்னைவிட நன்றாக வாதாடுவீர்கள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு ஆசிரியர்களிடமிருந்து வரும் கட்டுரை வேண்டுகோளில் கணிசமானது நம் நூலகத்திலேயே இருக்கிறது. ஹெய்ன்ஆன்லைன் என்ற தரவுத்தளத்தில் பழைய சட்ட இதழ்கள் முதல் தொகுதியிலிருந்து கிடைக்கின்றன, தேடாமலே படிவம் போட்டுவிடுகிறார்கள்.

பக்க_எண்

ஹெய்ன் பேச்சு வந்ததால் ஒரு வார்த்தை. அது அச்சுப் பக்கத்தை அப்படியே படமாகக் காட்டும். பக்க எண் அச்சில் இருந்த அதே எண். மேற்கோள் காட்டும்போது புத்தகத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை. @மூன்றாம்_மாடி வைத்திருக்கும் 90-இல் கட்டப்பட்ட இதழ்த் தொகுதி ஏதாவது இருந்தால் தைரியமாகத் திருப்பிக் கொடுங்கள். 14 மாதம் கழித்துப் பதிப்பாசிரியர் கேட்டால் எனக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள், அந்தப் பக்கத்தை எடுத்து அனுப்புகிறேன். இதற்கெல்லாம்தான் நாங்கள் சம்பளம் வாங்குகிறோம், ஆனால் கேட்பவர் மிகக் குறைவு.

இணைய முகவரியை அடிக்குறிப்பில் போடுகிறவர்களும் கேளுங்கள். ஹார்வர்ட் லா ரிவ்யூ உள்ளிட்ட இதழ்களில் இருந்த இணைப்புகளில் 70 சதவீதத்துக்கு மேல், அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் இருந்தவற்றில் பாதி, முதலில் சுட்டிய தகவலுக்கு இப்போது கொண்டுபோவதில்லை என்று ஹார்வர்டைச் சேர்ந்தவர்களே எழுதினார்கள். அந்தச் சமயத்தில்தான், 2013-இல், அங்குள்ள சட்ட நூலகம் பெர்மா என்ற சேவையைத் தொடங்கியது. பக்கத்தின் நகலைச் சேமித்து நிலையான முகவரி தரும். உங்கள் நூலகம் அதில் சேர்ந்திருந்தால் ஆசிரியருக்குக் கணக்கு வாங்கித் தர முடியும்.

அப்புறம், யாரும் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன்: லூஸ் லீஃப் தொகுதியை இரவல் கேட்காதீர்கள். தயவுசெய்து. அது புத்தகம் மாதிரி தெரியும், உள்ளே வளையத்தில் கோத்த தாள். சட்டம் மாற மாற பதிப்பாளர் புதுப் பக்கங்களை அனுப்புவார், கூடவே “இந்தப் பக்கத்தை எடு, அந்தப் பக்கத்தை வை” என்று ஒரு தாளும் வரும். வரிசைப்படிதான் வைக்க வேண்டும். ஒருமுறை ஒரு ஆசிரியர் “ஒரே வாரம்” என்று கெஞ்சி ஒரு தொகுதியை எடுத்துப்போனார். அந்த வாரத்திலேயே ஒரு கட்டு வந்தது, பிறகு இன்னொன்று. தொகுதி ஒரு மாதம் கழித்து வந்தபோது எங்கள் பையன் இரண்டாவது கட்டை முதலில் வைத்துவிட்டார். ரத்தான பிரிவு ஒரு பக்கத்திலும் அதற்குப் பதிலான புதிய பிரிவு அடுத்த பக்கத்திலும், இரண்டும் நடப்பில் இருப்பது போல நின்றன. ஒரு மாணவர் தேர்வில் ரத்தானதை எழுதியபோதுதான் வெளியே வந்தது. அதைத் தாள் தாளாகச் சரிசெய்ய எனக்கு மூன்று மதியம் ஆனது. வேண்டிய பக்கத்தைச் சொல்லுங்கள், ஸ்கேன் செய்து தேதி போட்டுத் தருகிறேன். அந்தத் தேதி முக்கியம், எந்த நாள் வரைக்குமான சட்டம் என்று அப்போதுதான் தெரியும்.

சும்மா_படிப்பவன்

நூலக அறிஞர் ரங்கநாதன் 1931-இல் நூலகத்துக்கு ஐந்து விதி எழுதினார், நாலாவது “வாசகரின் நேரத்தைச் சேமி”. நூலகரின் நேரத்தை யார் சேமிப்பது என்று எழுதாமல் விட்டுவிட்டார் போல.

இஷ்யூ_கவுன்ட்டர்

😄 இதை அச்சடித்துக் கவுன்ட்டரில் ஒட்டப் போகிறேன்.

மூன்றாம்_மாடி

90-ஐ எண்ணிப் பார்த்தேன். 94. கட்டப்பட்ட இதழ்த் தொகுதி 31. திங்களன்று தள்ளுவண்டி கேட்டிருக்கிறேன். பழைய பதிப்புகளைத் தர மாட்டேன், அவற்றைக் கழிக்கக் கூடாது என்று எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகுதான்.

பக்க_எண்

நியாயம். “கடைசிப் பிரதி, கழிக்க வேண்டாம்” என்று அட்டவணைப் பதிவிலேயே ஒரு குறிப்புப் போடச் சொல்லுங்கள். தாளில் எழுதிக் கொடுத்தால் அடுத்த நூலகர் வரும்போது தாள் இருக்காது.

அடிக்குறிப்பு_43

நான்கு நாள் ஆனது. நிலவரம் சொல்கிறேன்.

இரண்டு புத்தகம் 342.06-லேயே இருந்தன, அதனதன் இடத்தில், ஸ்கேன் ஆகாமல். கவுன்ட்டரில் இருந்தவரை அலமாரிக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன், அவர் ஒன்றும் பேசாமல் அங்கேயே குறித்துக்கொண்டார்.

மூன்றாவது 324. @இஷ்யூ_கவுன்ட்டர், உங்களுக்கு என்ன சொல்வது! வாக்காளர் பட்டியல் பற்றிய இரண்டு தடிமனான புத்தகங்களுக்கு நடுவில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. மாணவியும் கூட வந்திருந்தார், அவர்தான் முதலில் பார்த்தார். தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

இரவல் புத்தகம் @இரவல்_மேசை சொன்ன அலமாரியில்தான். பட்டியலாக்கப் பிரிவில், மேல் தட்டில், ஏழு மாதமாக. மேலே ஒரு சீட்டு, “யாருடையது?” என்று எழுதி. யாரும் முத்திரையைத் திருப்பிப் பார்க்கவில்லை, நானும் தேடிப் போகவில்லை. பச்சைப் பட்டையைப் பென்சில் எழுத்தை அழித்துவிட்டு மறுபடி சுற்றிக் கொடுத்தேன், இன்று காலை பொதியில் போய்விட்டது. தாமதத்துக்கு ஒரு மன்னிப்புக் கடிதம், என் கையெழுத்தில், உள்ளே வைத்திருக்கிறோம்.

ஐந்தாவது கிடைக்கவில்லை. உண்மையிலேயே போய்விட்டது, ஒரு கருத்தரங்குக்கு எடுத்துப்போன ஞாபகம் மட்டும் இருக்கிறது. அச்சில் இல்லாத பதிப்பு. அதே பதிப்பின் பழைய பிரதி ஒன்றைக் கண்டுபிடித்து ஆர்டர் செய்திருக்கிறேன், நூலகம் அதை ஏற்றுக்கொள்வதாகச் சொல்லிவிட்டது.

இஷ்யூ_கவுன்ட்டர்

பிரதி வரும்வரை அந்தப் பெண்ணுக்குக் கையெழுத்து நிற்குமா?

அடிக்குறிப்பு_43

இல்லை. அந்த ஒரு பதிவை மட்டும் என் கணக்குக்கு மாற்ற வேண்டும் என்று எழுதிக் கேட்டேன். விதியில் இல்லை என்றார்கள், அப்புறம் நூலகரே வெளியே வந்து, “விதியில் கூடாது என்றும் இல்லை” என்று மாற்றிக் கொடுத்தார். நேற்று மதியம் கையெழுத்து வாங்கிவிட்டார். கையில் இருந்த 22-ஐயும் திருப்பிக் கொடுத்து என் கார்டில் எடுத்துக்கொண்டேன். அவர் கணக்கில் இப்போது பூஜ்யம், என் கணக்கில் 23.

ப்ராக்ஸி படிவம் எங்கள் நூலகத்திலும் இருக்கிறதாம், ஆறு வருடமாக. அடுத்த உதவியாளர் வருகிற மாதம் சேர்கிறார், அவர் பெயரில் போட்டுக் கொடுத்துவிட்டேன், பருவ முடிவுத் தேதியோடு. நினைவூட்டல் இரண்டு பேருக்கும் வரும்.

கையில்_பட்டியல்

நானும் என் பேராசிரியரிடம் இந்த இழையை அனுப்பினேன் சார். 9 புத்தகப் பணம் வந்துவிட்டது. படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, “இதை ஏன் முதல் நாளே சொல்லவில்லை” என்று கேட்டார்.